மதிப்பெண் போடும் கை

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில் திண்டுக்கல்லைப் பற்றிச் சில வரிகள் உண்டு. அவ்வட்டாரத்தின் இரண்டு ஊராட்சி ஒன்றியங்களில் 13 கிராமங்களைச் சுற்றிவந்து கணக்கெடுத்ததில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுவிட்டிருந்தன. நல்ல தண்ணீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது. ஒன்றியங்களில் ஒன்று திண்டுக்கல், மற்றது ரெட்டியார்சத்திரம். தீர்ப்பின் அச்சில் இரண்டாவது பெயர் 'பெத்தியார் சத்திரம்' என்று தவறாக விழுந்திருக்கிறது. ஊர்ப்பெயர் பிழைபடும் அளவுக்குத் தொலைவில் இருந்த நீதிமன்றத்துக்கு அந்த ஊரின் கிணற்றுக் கணக்கு மட்டும் பிசகாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. கணக்கெடுத்தது 'பீஸ் மெம்பர்ஸ்' என்ற தன்னார்வ அமைப்பு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. தோல் பதனிடும் தொழில் பாலாற்றுப் படுகையைப் பாழாக்கியதைப் பற்றியது என்றே பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் தீர்ப்பு திண்டுக்கல்லையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, அமிலங்கள் உட்பட சுமார் 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன என்ற விவரங்களெல்லாம் அதில் பதிவாகியுள்ளன. ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் ஆலையும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத ஆலை இயங்கக்கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தப் பழைய வழக்கை இங்கே எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தொழில் மண்ணையும் மனிதரையும் எப்படி நடத்துகிறது என்பதற்கு மதிப்பெண் போடும் வேலை இன்று உலகளாவிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பிராண்டுகளுக்கும் கடைகளுக்கும் தரவரிசைகள், நட்சத்திரங்கள், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று எத்தனையோ வந்துவிட்டன. திண்டுக்கல் சீமையில் எனக்குத் தெரிந்து முதலில் போடப்பட்ட அப்படியொரு மதிப்பெண் 467-க்கு 350. அதைப் போட்டவர்களுக்கு ஆலையிடமிருந்து கூலி வரவில்லை. எண்ணப்பட்டது எது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. சந்தேகம் உள்ளவர் தாமே ஒரு வாளியை இறக்கிச் சரிபார்க்கலாம். அந்த மதிப்பெண்ணால் ஒருவர் பணம் கட்ட நேர்ந்தது, ஆலையை மூட நேர்ந்தது. பின்னால் வந்த மதிப்பீடுகளை இந்த நான்கையும் வைத்தே பார்க்க விரும்புகிறேன்.

ஒரு பின்னலாடைச் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். இடுப்போரத் தையலில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். எத்தனை டிகிரி வெந்நீரில் துவைக்கலாம், இஸ்திரி போடலாமா கூடாதா என்பதற்கான குறிகள் அதில் இருக்கும். 100 சதவீதம் பருத்தி என்றிருக்கும். 'மேட் இன் இந்தியா' என்றிருக்கும். கழுத்தில் தொங்கும் பழுப்பு அட்டையில் பச்சை எழுத்தில் ஒரு இலைப்படம், அதன் கீழே இந்தத் துணிக்கு எவ்வளவு தண்ணீர் மிச்சம், எவ்வளவு கரியமில வாயு குறைவு என்று ஒரு வரி இருக்கும். அது திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரில் தைக்கப்பட்டிருந்தாலும் அந்தப் பெயர் எங்கேயும் இருக்காது.

பச்சை எழுத்து வரியின் பின்னால் பெரும்பாலும் ஹிக் குறியீடு என்ற கணக்கீட்டு முறை இருந்தது. பெரிய ஆடை நிறுவனங்கள் 2011-இல் கூடி அமைத்த கூட்டமைப்பு உருவாக்கியது அது. ஒவ்வொரு வகை நூலிழைக்கும், ஒவ்வொரு செய்முறைக்கும் சராசரி எண்களை வைத்து, துணியின் சூழல் பாதிப்பைக் கணக்கிடும். 2022 ஜூனில் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் இதில் கைவைத்தது. அந்நாட்டின் நொரோனா நிறுவனம் இந்தக் குறியீட்டை ஆதாரமாகக் காட்டிச் செய்த விளம்பரம் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்மானித்தது. அதே வழியில் போக வேண்டாம் என்று எச்&எம் நிறுவனத்தையும் எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் தன் பங்குக்கு நடவடிக்கை எடுத்தது. எச்&எம் 5 லட்சம் யூரோவும் டெகாத்லான் 4 லட்சம் யூரோவும் சூழல் நலனுக்காகக் கொடுக்கவும், தெளிவில்லாத பசுமைச் சொற்களைத் திருத்தவோ நீக்கவோ ஒப்புக்கொண்டன.

நார்வே எழுப்பிய ஆட்சேபம் திண்டுக்கல்காரருக்கு உடனே புரியும். உலகத்தின் சராசரிப் பருத்தியைப் பற்றிய ஓர் எண்ணை, கையில் இருக்கும் இந்தச் சட்டையின் குணமாகச் சொல்வது எப்படிச் சரியாகும்? சராசரிக்கு எங்கள் வட்டாரத்துக் கொடகனாற்றைத் தெரியாது. மழை பொய்த்த ஆண்டில் ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு இறக்கித் தண்ணீர் எடுக்கிற வறண்ட சமவெளியில் ஒரு லிட்டருக்கு உள்ள பொருள் வேறு, ஆறு நிறைய ஓடும் ஊரில் ஒரு லிட்டருக்கு உள்ள பொருள் வேறு.

இன்னொரு வகை மதிப்பீடு, நிறுவனம் எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறது என்று பார்ப்பது. ஃபேஷன் ரெவல்யூஷன் என்ற அமைப்பு வெளியிட்டுவந்த வெளிப்படைத்தன்மைக் குறியீட்டில் 2020 ஏப்ரலில் 250 பெரிய பிராண்டுகள் மதிப்பிடப்பட்டன. முதலிடம் 73 சதவீதத்துடன் எச்&எம் நிறுவனத்துக்கு. அந்தக் குறியீட்டில் நாங்கள் நன்னடத்தையை அளக்கவில்லை, தகவல் வெளியிடுவதை மட்டுமே அளக்கிறோம் என்று அந்த அமைப்பே தெளிவாகச் சொல்லிவந்தது. ஆனால் பத்திரிகைத் தலைப்பில் முதலிடம் என்று வந்துவிட்டால் யார் அடிக்குறிப்பு வரைக்கும் படிக்கிறார்கள்?

எட்டு மாதம் கழித்து, 2021 ஜனவரி தொடக்கத்தில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் இளம் தலித் பெண் கொலையுண்டு கிடந்தார். வேடசந்தூர் வட்டாரத்தில் எச்&எம் உள்ளிட்ட பிராண்டுகளுக்கு ஆடை தைத்துக் கொடுத்த நாச்சி அப்பேரல் ஆலையின் தொழிலாளி அவர். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதுசெய்யப்பட்டார். அந்தப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் தொல்லை இருந்தது என்று குடும்பத்தாரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள். அதன்பின் பல பெண்கள் வெளியே வந்து தங்களுக்கு நேர்ந்ததையும் பேசினார்கள்.

அப்படிப்பட்ட ஆலைகளுக்கு ஆடிட் வராமல் இல்லை. ஏற்றுமதி ஆலைகளில் ஆடிட் என்ற சொல்லைத் தெரியாத தொழிலாளி கிடையாது. 'நாளைக்கு பையர் வர்றாங்க' என்றால் போதும். வழியை அடைத்துக் கிடக்கும் மூட்டைகள் அவசர வழியிலிருந்து நகரும். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும். கழிப்பறையில் சோப்பு வரும். ஊசிக்காப்பு கழன்ற மெஷினில் காப்பு ஏறும். எத்தனை மணி நேர வேலை என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே லைனில் பரவிவிடும். வந்தவர் ஒன்றிரண்டு நாள் இருப்பார். பதிவேடுகளைப் புரட்டுவார். பத்துப் பேரைத் தனியே கூப்பிட்டுப் பேசுவார், அதுவும் ஆலைக்குள்ளேயே. எந்தப் பெண் உள்ளே போனாள், எவ்வளவு நேரம் இருந்தாள் என்பதை லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று மாலையும் மறுநாள் காலையும் டார்கெட் போடுகிறவர் அதே சூப்பர்வைசர். ஊருக்குத் திரும்பும் ஆலை வண்டியில் அவள் ஏறியாக வேண்டும். இந்த நிலையில் அவள் வாயிலிருந்து 'ஒரு குறையும் இல்லைங்க' என்பதைத் தவிர வேறெது வரும்?

அவசர வழியின் அகலத்தை அளந்துவிடலாம். தீயணைப்பு உருளையின் தேதியைப் படித்துவிடலாம். ஒரு பெண்ணின் பயத்தைப் பட்டியலில் டிக் அடித்துக் கண்டுபிடிக்க முடியாது. அளக்கக்கூடியவற்றிலேயே ஆடிட் கோட்டைவிட்ட கதைகளும் உண்டு. கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆலை 2012 செப்டம்பரில் எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்திருந்தது. டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த ஆலைகளும் ஆடிட் கண்டவையே. ஆடிட்டுக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் ஆலையே கட்டுகிறது. பரீட்சை எழுதுபவரே திருத்துபவருக்குச் சம்பளம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில், அங்கே போகும் தனிமனிதர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் கையைக் கட்டிவிடும் ஒன்று இருக்கிறது.

ஆனாலும் அந்த 73 சதவீதத்தை வெறும் பூச்சு என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. எச்&எம் நிறுவனம் தனக்குத் தைத்துக் கொடுக்கும் ஆலைகளின் பட்டியலை 2013 முதல் வெளியிட்டுவந்தது. பட்டியல் வெளியிடாத நிறுவனத்தின் கதையை யோசித்துப் பாருங்கள். அதன் ஆலையில் ஒரு பெண் கொலையானால், எந்தக் கடையின் வாசலில் போய் நியாயம் கேட்பது? வேடசந்தூரில் தைத்த துணி எந்த நாட்டில், எந்தப் பெயரில் விற்கிறது என்பது தெரிந்திருந்ததாலேயே உள்ளூர்த் தொழிற்சங்கம் பிராண்டுகளைப் பேச்சுமேசைக்கு இழுக்க முடிந்தது. வெளிப்படைத்தன்மை நல்ல நடத்தைக்குச் சான்றாகாது. கெட்ட நடத்தை நிகழ்ந்தால் பிடிக்க ஒரு கைப்பிடியாகும். அந்த அளவுக்கு அதன் மதிப்பு பெரிது.

பிடித்தவர்கள் பெண்கள். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பெண்கள் தலைமையில் நடப்பது, உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் தலித் பெண்கள். அதன் தலைவர் திவ்யராகினி. ஆசிய அடித்தள ஊதியக் கூட்டணியும் அமெரிக்காவின் குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்பும் உடன் நின்றன. ஓராண்டுக்கும் மேலான போராட்டத்துக்குப் பிறகு, 2022 ஏப்ரலில் அந்த ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச்&எம் நிறுவனமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பின்னர் கேப், பிவிஎச் ஆகிய அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்தன. உலகம் அதைத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று அழைக்கிறது. பாலின வன்முறையைத் தடுக்கப் பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் இவ்வகை ஒப்பந்தம் 2019-இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் உருவானது. ஆசியாவில் முதலாவது நம் ஊர்ப் பெயரில் இருக்கிறது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் அடுத்தபடியாகத் திண்டுக்கல் என்ற சொல் உலகெங்கும் உச்சரிக்கப்படுவது இதற்காக என்பது இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஒப்பந்தம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தையல் பிரிவு, நூற்பாலைப் பிரிவு இரண்டும் சேர்த்து 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதன் கீழ் வந்தார்கள். நூற்பாலை சேர்ந்தது முக்கியம். பிராண்டுகளின் மேற்பார்வை வழக்கமாகத் தையல் ஆலை வாசலோடு நின்றுவிடும். நூல் எங்கிருந்து வந்தது, அதை நூற்ற பெண் விடுதியில் எப்படி அடைபட்டிருந்தாள் என்பது வரை போகாது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி வளரிளம் பெண்களை ஆண்டுக்கணக்கில் ஆலைக்குள் வைத்திருந்த வழக்கம் வேரோடியதும் இந்த நூற்பாலைகளில்தான்.

ஆலைக்குள் லைனில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே சங்கம் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் குறையைச் சொன்னால் போதும், எழுத்து வேண்டாம், அலுவலக அறை வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைய வேண்டிய உள் புகார்க் குழு மறுபடி ஒழுங்காக அமைக்கப்பட்டது. ஆலைக்குள் தீராதது வெளியிலுள்ள சுயேச்சையான மதிப்பீட்டாளரிடம் போகும். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை சொன்ன சொல் தவறினால் பிராண்டுகள் ஆர்டரில் அதைக் காட்ட வேண்டும். சாதி பார்த்து நடத்துவதும், வெளியூர்த் தொழிலாளியை வேறுபடுத்துவதும் ஒப்பந்தத்தின் வரம்புக்குள் வந்தன. உலகத் தரவரிசைப் படிவங்களில் சாதி என்ற கட்டத்தை நான் பார்த்ததில்லை. வேடசந்தூரில் அந்தக் கட்டம் இல்லாத படிவத்தால் பாதி ஆலையைக்கூடப் பார்க்க முடியாது.

முதல் ஆண்டு முடிவில் வெளியான கணக்கு இது: பதிவான குறைகள் 185, தீர்ந்தவை 182. அவற்றில் பாலின வன்முறை, தொல்லை சார்ந்தவை 23, அனைத்தும் தீர்க்கப்பட்டன.

185 என்ற எண்ணின் முன்னால் கொஞ்சம் நிற்கலாம். இதை ஒரு வழக்கமான மதிப்பீட்டு நிறுவனத்தின் மேசையில் வைத்தால் என்ன ஆகும்? ஒரே நிறுவனத்தில் ஒரே ஆண்டில் 185 குறைகள், 23 பாலியல் தொல்லைப் புகார்கள் என்பது கரும்புள்ளியாக விழும். பக்கத்து ஆலையின் படிவத்தில் 'பூஜ்யம்' என்றிருந்தால் அதற்குப் பச்சை விழும். எங்கே பெண்கள் பயமில்லாமல் வாய் திறக்கிறார்களோ அங்கே எண் கூடும், எங்கே பயம் இறுகிக் கிடக்கிறதோ அங்கே எண் பூஜ்யமாக இருக்கும். இந்தியப் பங்குச் சந்தை வாரியமான செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை அளிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. பாலியல் தொல்லைப் புகார்கள் எத்தனை என்ற கேள்வி அதிலும் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் அந்த அறிக்கைகளில் பூஜ்யத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதி வருவதில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பூஜ்யம் என்றால் அங்கேதான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

வேறு வகை மதிப்பெண் ஒன்றும் நாச்சி அப்பேரலுக்கு விழுந்தது. 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகச் சொல்லி அந்த ஆலையின் சரக்கை உள்ளே விடாமல் தடுத்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. குறைகள் சரிசெய்யப்பட்டதற்கான சான்றுகள் போனபின் செப்டம்பரிலேயே தடை விலகியது. ஒரு நாட்டின் வாசலையே அடைத்துவிடும் இத்தகைய மதிப்பெண்ணுக்கு ஆலைகள் அஞ்சும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆர்டர் நின்றால் முதலில் வேலை இழப்பவர் யாரைக் காப்பதற்காகத் தடை வந்ததோ அந்தப் பெண்ணே. அவள் கையில் பேனா இல்லாத எந்தத் தண்டனையும் கடைசியில் அவள் தலையில் போய் விடியும் அபாயம் இருக்கிறது. வாசலை அடைக்கும் அதிகாரமும் லைனில் இருக்கும் பெண்ணின் சாட்சியமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் மட்டுமே அந்த மதிப்பெண்ணால் பயன் உண்டு.

இதுவரை பேசியது பிராண்டுகளைப் பற்றி. திண்டுக்கல் கடைத்தெருவுக்கு வருவோம்.

செபியின் அறிக்கை முறை பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களை மட்டுமே தொடும். நம் ஊர்களின் பெரிய ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் பெரும்பாலும் குடும்ப நிறுவனங்கள். மாவட்டத்தின் நூற்பாலைகளில் பெரும்பாலானவையும் அப்படியே. அவற்றுக்கு எந்தத் தரவரிசையும் இல்லை, எந்தப் பச்சை அட்டையும் இல்லை. வாடிக்கையாளரின் கண் மட்டுமே அங்கே ஆடிட். அந்தக் கண் எதைப் பார்க்கலாம்?

நான் இப்போதெல்லாம் ஜவுளிக்கடைக்குப் போனால் முதலில் தேடுவது ஸ்டூலை. கல்லாவில் இருப்பவருக்கு நாற்காலி உண்டு. சேலை பார்க்க வரும் நமக்கும் இருக்கை போடுவார்கள். சேலையைப் பிரித்துப் போட்டு மடிக்கும் பெண்ணுக்கு? தீபாவளி நெருக்கத்தில் ஒரு சாயங்காலம் ஒரு கடையில் பார்த்தேன். பில் போடக் காத்திருந்த சில நிமிடங்களில், தூணோரம் நின்ற பெண் ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மற்றக் கால்மேல் வைத்து, மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். மேலாளர் படியிறங்கும் சத்தம் கேட்டதும் இரண்டு காலும் செருப்புக்குள் போயின. கடை, நிறுவனங்களில் வேலை செய்பவர் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் அதை 2018-இலேயே செய்தது. ஸ்டூல் இருக்கிறதா என்பதை யாரும் எண்ணலாம். ஸ்டூல் இருந்தும் அதில் யாராவது உட்காருகிறார்களா என்பதையும் எண்ணலாம். இரண்டாவது எண்ணிக்கைதான் உண்மையைச் சொல்லும்.

அடுத்தது பை. 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு தடைசெய்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. மஞ்சள் பை நம் ஜவுளிக்கடைகளின் பழைய வழக்கம்தான். முகூர்த்தச் சேலையோடு வந்த பை அப்புறம் பல ஆண்டுகள் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் போய்வரும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் மெல்லிய நெகிழிப் பையைவிடப் பருத்திப் பை புவி வெப்பமாதல் கணக்கில் மேலானதாக ஆக வேண்டுமென்றால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். நம் பாட்டிமார்கள் 131-ஐத் தாராளமாகத் தாண்டியவர்கள். ஆனால் கடைக்குப் போகும்போதெல்லாம் புதுப் பை வாங்கி வீட்டில் அடுக்குபவருக்கு அந்தக் கணக்கு திரும்பிவிடும். துணிபோலத் தெரியும், நூலால் நெய்யப்படாத நெகிழிப் பையைத் துணிப்பை என்று நம்பிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து இழுத்தால் தெரியும், நூல் வராது.

மூன்றாவது, சரக்கு வந்த வழி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டு எந்த ஊரில் பிறந்தது என்று அது சொல்லும், அரம் பிடித்த கைக்கு என்ன கூலி என்று சொல்லாது. இயற்கைப் பருத்தி என்ற சான்றும் நம்பிக்கைக்குரியதாகத் தோன்றும். ஆனால் உலக இயற்கை ஜவுளித் தரச் சான்றை வழங்கும் அமைப்பே 2020 அக்டோபரில், இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றுகள் புழங்கியதைக் கண்டுபிடித்து 11 நிறுவனங்களை விலக்கியது. கண்டுபிடித்ததை வெளியே சொன்னதற்காக அந்த அமைப்பை மதிக்கிறேன். சின்னாளப்பட்டிச் சேலை என்று விற்பவரிடம், எந்தத் தெருவில் நெய்தது என்று கேட்பது கடினமில்லை. திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடும் தூரம். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரருக்கு என் கணக்கில் ஒரு மதிப்பெண் கூட.

இந்திய அரசு 1991-இலேயே சூழலுக்கு இசைந்த பொருள்களுக்கு 'ஈகோமார்க்' என்ற முத்திரையை அறிவித்தது. அதன் சின்னம் மண்பானை. அழகான தேர்வு, ஆனால் தொழிலதிபர்கள் அதை நாடவில்லை, வாடிக்கையாளர்களும் தேடவில்லை. 2024-இல் புதிய விதிகளோடு அதற்கு மறுபடி உயிர் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆதாரமில்லாமல் 'பசுமை', 'இயற்கை' என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மண்பானை வாங்கப் போகிற எவரும் படத்தைப் பார்த்து வாங்குவதில்லை. கையிலெடுத்து விரல் கணுவால் தட்டி, ஓசையைக் கேட்டுத்தான் வாங்குகிறோம். முத்திரைகளும் அப்படித் தட்டிப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. எந்த ஆலை, எந்தக் கிணறு, யார் சொன்ன சாட்சி என்ற மூன்றும் முத்திரையின் பின்னால் திறந்து பார்க்கக் கிடைக்க வேண்டும்.

தோலுக்கு வருகிறேன், தொடங்கியது அங்கே என்பதால். 2005-இல் செருப்பு, காலணிப் பிராண்டுகளும் தோல் ஆலைகளும் சேர்ந்து தோல் ஆலைகளை மதிப்பிடும் குழு ஒன்றை அமைத்தன. தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று அது தரம் பிரிக்கிறது. ஆலைக்குள் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, எந்த ரசாயனம், கழிவுநீர் எங்கே போகிறது என்பதெல்லாம் கவனமாகப் பார்க்கப்படுகிறது. ஆலைகள் தண்ணீரைச் சேமிக்கவும் சுத்திகரிக்கவும் அது தூண்டுகோலாக இருந்திருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்த மதிப்பீடு ஆலையின் மதில் வரைக்கும்தான். மதிலுக்கு வெளியே, முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் மண்ணில் இறங்கிய உப்பு இன்னும் நிலத்தடியில் நகர்ந்துகொண்டிருக்கும் தோட்டத்துக் கிணற்றை அதில் யாரும் எண்ணுவதில்லை. இன்று நன்றாக நடக்கும் ஆலைக்குத் தங்கம் கொடுப்பதில் தவறில்லை. தங்கம் வாங்கிய ஆலையின் தோலை விற்கும் பிராண்டு, அந்த வட்டாரத்தின் கிணறுகளுக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறேன்.

அதற்கு முதலில் யாராவது மறுபடி எண்ண வேண்டும். சின்னாளப்பட்டியை ஒட்டி 1956-இல் தொடங்கிய காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பாடம் படிப்பவர்கள். 13 கிராமங்கள் அவர்களுக்குப் பெரிய தொலைவில்லை. ஒரு கயிறு, ஒரு வாளி, கரைந்த உப்பை அளக்கும் கையடக்க மீட்டர், ஒரு நோட்டு. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. கிராமத்தின் பெயர், கிணற்றின் ஆழம், மீட்டர் காட்டிய எண், யார் குடிக்கிறார்கள், மாடு குடிக்கிறதா, தென்னை காய்க்கிறதா என்று ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம். கிணற்றுக்காரரின் வார்த்தையையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும். தூர்ந்துபோன கிணறுகள் பல இருக்கும். வீட்டுமனையாகிப் போனவையும் இருக்கும். அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் நல்ல கிணறுகளின் சதவீதம் தானாகக் கூடிவிடும். தூர்ந்ததைத் தூர்ந்தது என்றே எழுதி, கீழே மொத்தம் போடும் இடத்தில் 467 என்றே போட வேண்டும்.